நிகழ்தகவு: புள்ளியியல் தொடங்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

புள்ளியியல் வகுப்பில் முதல் இரண்டு வாரம் எல்லாம் சுமுகமாகப் போகும். சராசரி, இடைநிலை, பட்டை விளக்கப்படம் என்று ஓடிவிடும். நிகழ்தகவு தொடங்கியதும் பாதி முகங்கள் வாடிவிடும். கணக்கு கடினம் என்பதால் அல்ல. பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் தெரிந்தால் இங்கே போதும். நான் பார்த்தவரை சிக்கல் ஓரிடத்தில்தான் இருக்கிறது. விடை ஒரு பின்னம். அதன் மேலே வரும் எண்ணைப் பெரும்பாலோர் சரியாக எண்ணிவிடுகிறார்கள். கீழே வரும் எண்ணில், அதாவது பகுதியில், கோட்டை விடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் "எத்தனையில்?" என்ற கேள்வி அடிக்கடி தலைகாட்டும். காரணம் இதுதான்.

நிகழ்தகவு என்றால் என்ன, சுருக்கமாக?

ஒரு நிகழ்ச்சி நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் சொல்வது. நடக்கவே முடியாததற்கு 0, நடந்தே தீர்வதற்கு 1. உங்கள் விடை 1.3 என்றோ குறை எண்ணாகவோ வந்தால் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். மேலே எங்கோ தவறு இருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வரலாம். பகடையின் ஆறு முகங்களும் ஒரே மாதிரி இருப்பதால் எதற்கும் தனிச் சலுகை இல்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/6 என்கிறோம். இது எதையும் உருட்டிப் பார்க்காமல் யோசித்தே சொல்வது. பாட்டில் மூடியைத் தூக்கிப் போட்டால் இப்படிச் சொல்ல முடியாது. அது கவிழ்ந்தும் விழலாம், மல்லாந்தும் விழலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஆயிரம் முறை போட்டு எத்தனை முறை மல்லாந்தது என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும். இதைப் பட்டறி நிகழ்தகவு என்பார்கள். மூன்றாவது, இருக்கும் தகவல்களை வைத்து ஒருவர் தன் நம்பிக்கையின் அளவைச் சொல்வது. இந்தத் தேர்தலில் இவர் வெல்ல 60% வாய்ப்பு என்பது இந்த வகை. ஒரே தேர்தலை ஆயிரம் முறை நடத்திப் பார்க்க முடியாதே.

இதில் எது உண்மையான நிகழ்தகவு என்ற சண்டை நெடுங்காலமாக நடக்கிறது. தொடக்க மாணவர் அதில் தலையிட வேண்டாம். 1933இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மொகோரோவ் சண்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வழி போட்டார். எண் எங்கிருந்து வந்தாலும் சரி, மூன்று விதிகளுக்கு அது கட்டுப்பட்டால் போதும் என்றார். எந்த நிகழ்தகவும் சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது. எல்லா விளைவுகளையும் சேர்த்தால் 1 வர வேண்டும். ஒன்றாக நடக்க முடியாத நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டிக்கொள்ளலாம். நீங்கள் படிக்கப்போகும் சூத்திரங்கள் எல்லாம் இவற்றிலிருந்து கிளைத்தவைதான்.

நடக்கும் அல்லது நடக்காது, இரண்டே வாய்ப்பு. அப்போது எல்லாமே பாதிக்குப் பாதிதானே?

இல்லை. பாட்டில் மூடிக்கும் இரண்டே விளைவுகள்தான். விளைவுகளை எண்ணி வகுப்பது அவை சமவாய்ப்பு உள்ளவையாக இருந்தால் மட்டுமே செல்லும்.

கூறுவெளியை ஒவ்வொரு கணக்கிலும் எழுதியே ஆக வேண்டுமா? நேரம் வீணாகிறதே?

எழுதுங்கள். கூறுவெளி என்பது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியல். பின்னத்தின் பகுதி அங்கிருந்துதான் பிறக்கிறது. இதை எழுதாமல் விட்டுப் பெரிய ஆட்களே வழுக்கியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்: ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ என்ன வாய்ப்பு? அவர் யோசித்த விதம் இது. முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. ஆக மூன்று விளைவுகள், அதில் இரண்டு சாதகம், விடை 2/3. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றும் சம எடை கொண்டவை அல்ல. முதலிலேயே தலை விழுவதற்கு 1/2. மற்ற இரண்டுக்கும் தலா 1/4. கூறுவெளியை முழுமையாக எழுதினால் தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கு வரும். நான்கில் மூன்று சாதகம். விடை 3/4.

கலிலியோவிடம் வந்த கேள்வி இன்னும் நுணுக்கமானது. மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஆறாறு வழிகள்தான் இருக்கின்றன. 9க்கு 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. 10க்கு 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. இருந்தும் ஆட்டத்தில் ஊறிப்போனவர்கள் 10தான் சற்றே அதிகம் விழுகிறது என்று கண்டிருந்தார்கள். ஏன்?

மூன்று பகடைகளுக்கும் மூன்று நிறம் பூசியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1-2-6 என்ற ஒரே வழி இப்போது ஆறு வகையில் வரலாம். சிவப்பில் 1 வரலாம், நீலத்தில் 1 வரலாம், இப்படி. 1-4-4 மூன்று வகையில் வரும். 3-3-3 ஒரே ஒரு வகையில்தான் வரும். அந்தக் கஞ்சத்தனமான 3-3-3 தான் 9ஐக் கவிழ்க்கிறது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 216 விளைவுகளில் 9க்கு 25, 10க்கு 27. வித்தியாசம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதைக் கையால் உருட்டியே உணர்ந்தவர்கள் எத்தனை இரவு ஆடியிருக்க வேண்டும் என்று நான் வியப்பதுண்டு.

பகடைகளுக்கு நிறம் பூசும் இந்தத் தந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பொருள்கள் ஒன்றுபோல் இருந்தாலும் கணக்குக்காக அவற்றை வேறுபடுத்திப் பெயரிட்டுவிட்டால் சமவாய்ப்பு விளைவுகள் தானாகக் கிடைக்கும்.

தலை விழ 1/2 என்றால் 10 முறை சுண்டினால் 5 தலை விழ வேண்டும் அல்லவா?

விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 10 சுண்டலுக்கு 1024 விளைவுகள். அவற்றில் சரியாக 5 தலை உள்ளவை 252. அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். நான்கில் மூன்று முறை 5 அல்லாத வேறு எண்தான் வரும். 100 முறை சுண்டினால் சரியாக 50 தலை விழும் வாய்ப்பு இன்னும் குறைந்து 8 சதவீதம் ஆகிவிடும்.

பிறகு 1/2 என்பதற்கு என்ன பொருள்? சுண்டல்கள் பெருகப் பெருக, தலைகளின் விகிதம் 1/2ஐ நெருங்கும் என்பது பொருள். இதற்குப் பெரும் எண்களின் விதி என்று பெயர். சுவிஸ் கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலி இதை நிறுவினார். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல்தான் அது அச்சானது. கையால் சோதித்தவர்களும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 4040 முறை சுண்டி 2048 தலை கண்டார். ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 24,000 முறையில் 12,012. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த கெரிச் என்ற கணிதவியலாளர், பொழுது போகாமல் 10,000 முறை சுண்டினார். 5067 தலை விழுந்தது.

கெரிச்சின் எண்ணைக் கூர்ந்து பாருங்கள். விகிதம் 0.5067, பாதிக்கு மிக அருகில். ஆனால் 5000ஐ விட 67 கூடுதல். சுண்டல்கள் கூடினால் இந்த இடைவெளி பொதுவாக வளரவே செய்யும். பகுதி அதைவிட வேகமாக வளர்வதால்தான் விகிதம் பாதியை நோக்கி ஒடுங்குகிறது. இது புரிந்துவிட்டால் அடுத்த கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

தொடர்ந்து ஏழு முறை தலை விழுந்துவிட்டது. இனிப் பூ விழத்தானே வாய்ப்பு அதிகம்? சராசரி சமமாக வேண்டுமே?

நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது. எட்டாவது சுண்டலிலும் அதே 1/2தான். பழைய ஏழு தலைகளை யாரும் பூக்களால் ஈடுகட்டுவதில்லை. பின்னால் வரும் ஆயிரக்கணக்கான சுண்டல்களின் கூட்டத்தில் அவை கரைந்து போகின்றன, அவ்வளவே.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தை இரட்டிப்பாகக் கட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். 26 கறுப்பு தொடர்ந்து வருவது அரிது என்பது உண்மை. ஆனால் 25 கறுப்பு ஏற்கெனவே வந்துவிட்ட நிலையில் இருபத்தாறாவது கறுப்பு வருவது அரிதல்ல. இரண்டு கேள்விகளுக்கும் பகுதி வேறு.

இன்னொன்று. நூறு முறை தொடர்ந்து தலையே விழுந்தால் நான் தலை மேல்தான் பணம் கட்டுவேன். அந்த நாணயம் யோக்கியமானது என்ற எடுகோளே அப்போது ஆட்டம் கண்டுவிடும்.

"அல்லது" வந்தால் கூட்டு, "மற்றும்" வந்தால் பெருக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். சரியா?

பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் தேர்வில் மதிப்பெண் போகிறது.

"அல்லது" வந்தால் கூட்டலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து நடப்பதன் நிகழ்தகவை ஒரு முறை கழிக்க வேண்டும். 52 சீட்டுகள் கொண்ட கட்டில் ஒன்றை உருவினால் அது ராஜா அல்லது ஹார்ட் ஆக இருக்க என்ன வாய்ப்பு? ராஜா 4, ஹார்ட் 13. கூட்டினால் 17. ஹார்ட் ராஜாவை இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஒன்றைக் கழித்தால் 16/52. இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாது என்றால் கழிக்க எதுவும் இல்லை. அப்போது மட்டும் வெறும் கூட்டல்.

"மற்றும்" வந்தால் பெருக்கலாம். ஆனால் இரண்டாவது எண், முதலாவது நடந்துவிட்ட பிறகு உள்ள நிகழ்தகவாக இருக்க வேண்டும். இரண்டு சீட்டுகளை அடுத்தடுத்து, முதல் சீட்டைத் திரும்ப வைக்காமல் எடுத்தால், இரண்டும் ராஜாவாக இருக்க 4/52 × 3/51, அதாவது 1/221. திரும்ப வைத்துக் கலைத்து எடுத்தால் 1/169.

"குறைந்தது ஒன்று" என்று வரும் கணக்குகள் எப்போதும் தவறாகின்றன. என்ன செய்வது?

தலைகீழாகப் போங்கள். "ஒன்றுகூட இல்லை" என்பதன் நிகழ்தகவைக் கண்டுபிடித்து 1இல் இருந்து கழியுங்கள். இதை நிரப்பு நிகழ்ச்சி என்பார்கள். "குறைந்தது" என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக 1இல் இருந்து கழிக்கப் போக வேண்டும்.

இதற்குப் பின்னால் நல்ல கதை ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தெ மேரே என்ற கனவான் சூதாட்டக் கணக்கு ஒன்றை எண்ணிக் குழம்பினார். ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு 6 ஆவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். இரண்டு பகடைகளில் இரட்டை 6 என்பது அதைவிட ஆறு மடங்கு அரிது. ஆகவே உருட்டல்களையும் ஆறு மடங்காக்கி 24 முறை உருட்டினால் அதே லாபம் வர வேண்டும். ஆனால் நட்டம் என்று கணக்கு சொல்கிறதே!

நிரப்பு நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தால் சில வரிகளில் தீர்ந்துவிடும். 4 முறையும் 6 விழாமல் போக 5/6ஐ நான்கு முறை பெருக்கினால் 625/1296. மீதி 671/1296, சுமார் 0.518. பாதிக்கு மேல், ஆகவே லாபம். இரட்டை 6 ஒவ்வொரு முறையும் விழாமல் போக 35/36. அதை 24 முறை பெருக்கி 1இல் இருந்து கழித்தால் 0.491. பாதிக்குக் கீழ், ஆகவே நட்டம். வாய்ப்பு ஆறில் ஒரு பங்கானால் முயற்சிகளை ஆறு மடங்காக்கி ஈடுகட்டலாம் என்ற நேர்விகித எண்ணம் இங்கே எடுபடாது. இதே தெ மேரே எழுப்பிய கேள்விகள்தான் 1654இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொள்ளக் காரணமாயின. நாம் படிக்கும் நிகழ்தகவுக் கோட்பாடு அந்தக் கடிதங்களிலிருந்துதான் தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பாமே? நம்பவே முடியவில்லை.

நம்ப முடியாததற்குக் காரணம், மனம் வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறது. "என் பிறந்தநாள் வேறு யாருக்காவது இருக்குமா?" என்று எண்ணுகிறோம். 22 பேரோடு ஒப்பிட்டால் அதற்கு 6 சதவீத வாய்ப்புதான். அது பாதியாக வேண்டுமானால் உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். ஆனால் கேட்கப்பட்டது யாரோ இருவரைப் பற்றி. 23 பேரில் எத்தனை ஜோடிகள்? அதே 253! ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாய்ப்பு. 365/365 × 364/365 × 363/365 என்று 23 உறுப்புகளைப் பெருக்கினால் யாருக்கும் பொருந்தாத நிகழ்தகவு 0.493. மீதி 0.507.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் ஒன்றா?

கிட்டத்தட்ட எதிரெதிரானவை. இந்தக் குழப்பம்தான் முதலிடம் பிடிக்கும்.

விலக்குவது என்றால், ஒன்று நடந்தால் மற்றது நடக்க முடியாது. பகடையில் 2 விழுந்தால் அதே உருட்டலில் 5 விழ முடியாது. சார்பிலா என்றால், ஒன்று நடந்ததா இல்லையா என்ற செய்தி மற்றதன் நிகழ்தகவை மாற்றாது. இப்போது யோசியுங்கள்: 2 விழுந்தது என்று சொன்னால் 5இன் நிகழ்தகவு 1/6இலிருந்து 0க்கு விழுகிறது. இதைவிட அழுத்தமான சார்பு இருக்க முடியுமா? ஆக, நிகழ்தகவு 0 அல்லாத இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கினால் அவை ஒருபோதும் சார்பிலா நிகழ்ச்சிகள் ஆகா.

சார்பின்மையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெருக்கிப் பாருங்கள். ஒரு பகடையில் "இரட்டை எண்" என்பதற்கு 1/2. "4 அல்லது அதற்குக் கீழ்" என்பதற்கு 2/3. இரண்டும் சேர்ந்து நடப்பது 2, 4 ஆகிய இரண்டில், அதாவது 1/3. பெருக்கினாலும் 1/3. சார்பில்லை. "4"ஐ "3" ஆக மாற்றுங்கள். இப்போது சேர்ந்து நடப்பது 2இல் மட்டும், 1/6. பெருக்கினால் 1/4. சார்பு இருக்கிறது. பார்வைக்கு இரண்டு கேள்விகளும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கின்றன, பாருங்கள்.

சார்பிலா என்று தவறாக எடுத்துக்கொண்டால் அப்படி என்ன ஆகிவிடும்? தேர்வில் இரண்டு மதிப்பெண் போகும், அவ்வளவுதானே?

1999இல் இங்கிலாந்தில், அடுத்தடுத்து இரண்டு கைக்குழந்தைகளை இழந்த தாய் ஒருவர் அவர்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8543இல் 1, ஆகவே இரண்டு குழந்தைகள் அப்படி இறக்க அதை அதனாலேயே பெருக்கினால் சுமார் 7.3 கோடியில் 1 என்று வழக்கில் ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். அந்தப் பெருக்கல், இரு மரணங்களும் சார்பற்றவை என்று எடுத்துக்கொண்டால்தான் செல்லும். ஒரே குடும்பம், ஒரே மரபணு, ஒரே சூழல். முதல் மரணத்துக்கு ஏதோ காரணம் இருந்தால் அது இரண்டாவதையும் தொட்டிருக்கலாம். 2001இல் இங்கிலாந்தின் அரச புள்ளியியல் சங்கம் இந்தக் கணக்கைக் கண்டித்து வெளிப்படையாக அறிக்கை விட்டது. 2003இல் மேல்முறையீட்டில் தண்டனை நீக்கப்பட்டது.

அதில் இரண்டாவது பிழை ஒன்றும் ஒளிந்திருந்தது. குற்றமற்றவர் வீட்டில் இப்படி நடக்க வாய்ப்பு குறைவு என்பதை, இப்படி நடந்த வீட்டில் அவர் குற்றமற்றவராக இருக்க வாய்ப்பு குறைவு என்று புரிந்துகொண்டார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

நிபந்தனை நிகழ்தகவு என்றாலே தலை சுற்றுகிறது. எளிதாகச் சொல்ல முடியுமா?

புதிய செய்தி ஒன்று வந்ததும் கூறுவெளி சுருங்குகிறது. சுருங்கிய கூறுவெளிதான் புதிய பகுதி. மற்றதெல்லாம் பழைய கணக்குதான்.

இரண்டு நாணயங்களைச் சுண்டி மூடி வைத்திருக்கிறேன். இரண்டும் தலையாக இருக்க 1/4. "குறைந்தது ஒன்று தலை" என்கிறேன். பூ-பூ அடிபட்டுப் போகிறது. மீதி மூன்று விளைவுகள். இரண்டும் தலையாக இருக்க இப்போது 1/3. அப்படிச் சொல்லாமல் "இடப்பக்க நாணயம் தலை" என்று சொல்லியிருந்தால்? தலை-தலை, தலை-பூ ஆகிய இரண்டுதான் மீதி, விடை 1/2. காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும் இரண்டு செய்திகள், ஆனால் எதை அடித்துவிட்டுப் போகின்றன என்பதில் வேறுபடுகின்றன.

திசையையும் கவனியுங்கள். ஒரு விலங்கு பசு என்றால் அதற்கு நான்கு கால் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 1. நான்கு கால் விலங்கு ஒன்று பசுவாக இருக்க வாய்ப்பு அப்படியா? முதலாவதில் பகுதி பசுக்கள், இரண்டாவதில் நான்கு கால் விலங்குகள் எல்லாம். யாரும் பசுவில் ஏமாறுவதில்லை. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் ஏமாந்துவிடுகிறார்கள்.

95% சரியான பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்தால், நோய் இருக்க 95% வாய்ப்பு என்றுதானே பொருள்?

இல்லை. நிபந்தனையின் திசையைத் திருப்பிக் கணக்கிட உதவும் பேயஸ் தேற்றத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் முன், ஆட்களை எண்ணிப் பாருங்கள்.

ஒரு நோய் நூற்றில் இருவருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை, நோயுள்ளவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயற்றவர்களில் 5 சதவீதத்தினருக்குத் தவறாக "இருக்கிறது" என்று சொல்லும். 10,000 பேரைச் சோதிக்கிறோம். நோயுள்ளவர்கள் 200, அவர்களில் 190 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். நோயற்றவர்கள் 9800, அவர்களில் 490 பேருக்கும் "இருக்கிறது" என்று வரும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கலங்கி நிற்பவர்கள் மொத்தம் 680 பேர். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 190. விகிதம் 28 சதவீதம்.

பரிசோதனை மோசமானது அல்ல. நோயற்றவர்களின் கூட்டம் அவ்வளவு பெரியது என்பதால், அதில் ஒரு சிறு பங்கே நோயாளிகளின் எண்ணிக்கையை அமுக்கிவிடுகிறது. பரிசோதனைக்கு முன்னரே 2% இருந்த வாய்ப்பு இப்போது 28% ஆகியிருக்கிறது. அதுவே பெரிய தாவல்தான். மறுபரிசோதனை செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் இது. தாமஸ் பேயஸ் 1761இல் இறந்தார். அவருடைய கட்டுரையை அவரது நண்பர் ரிச்சர்டு பிரைஸ் வெளிக்கொணர, 1763இல் அச்சேறியது. வினாத்தாளில் பேயஸ் கணக்கு வந்தால் 10,000 பேர் என்று எடுத்துக்கொண்டு இப்படியே எண்ணுங்கள். விடை அதேதான், பிழை குறையும்.

வரிசை மாற்றமா, சேர்மானமா என்று எப்படி முடிவு செய்வது?

தேர்ந்தெடுத்த இருவரை இடம் மாற்றிப் பாருங்கள். விளைவு மாறினால் வரிசை முக்கியம், அது வரிசை மாற்றம். மாறாவிட்டால் வரிசை முக்கியமல்ல, அது சேர்மானம். தலைவர், செயலாளர் என்றால் மாறும். குழு உறுப்பினர் இருவர் என்றால் மாறாது.

எதிர்பார்ப்பு மதிப்பு 3.5 என்கிறார்கள். பகடையில் 3.5 விழவே விழாதே?

விழாது. பெயர்தான் ஏமாற்றுகிறது, அது எதிர்பார்க்கும் விளைவு அல்ல, நெடுநாள் சராசரி. ஒவ்வொரு விளைவையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும்.

பாஸ்கல், ஃபெர்மா கடிதங்களில் வரும் ஒரு கணக்கு இதை அழகாகக் காட்டும். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு கட்டி ஆடுகிறார்கள். முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கு 64 காசும். ஒருவர் இரண்டு சுற்று, மற்றவர் ஒரு சுற்று வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? பாஸ்கல் சொன்னது இது: அடுத்த சுற்றில் முன்னிலையில் இருப்பவர் வென்றால் 64 காசும் அவருக்கு. தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆக 32 காசு எப்படியும் அவருடையது. மீதி 32க்கு வாய்ப்பு சரிபாதி, அதில் 16. மொத்தம் அவருக்கு 48, மற்றவருக்கு 16. இதுவரை நடந்த சுற்றுகளின் 2:1 விகிதம் இங்கே வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இனி நடக்கக்கூடியதை மட்டுமே அவர் எண்ணினார்.

சராசரி தெரிந்தால் போதாதா? பரவற்படியும் திட்ட விலக்கமும் எதற்கு?

தலை விழுந்தால் 1 புள்ளி கூடும், பூ விழுந்தால் 1 குறையும் என்பது ஓர் ஆட்டம். கூடுவதும் குறைவதும் ஆயிரமாயிரம் என்பது இன்னோர் ஆட்டம். இரண்டுக்கும் எதிர்பார்ப்பு மதிப்பு 0. எதில் உங்களுக்குத் தூக்கம் வரும்? அந்த வேறுபாட்டை அளப்பதுதான் திட்ட விலக்கம். அதன் வர்க்கம் பரவற்படி. ஒரு பகடைக்குப் பரவற்படி 35/12, திட்ட விலக்கம் சுமார் 1.71.

யோக்கியமான நாணயத்தை 100 முறை சுண்டினால் தலைகளின் திட்ட விலக்கம் 5. 10,000 முறைக்கு 50. கெரிச்சின் 67 கூடுதல் தலைகள் அதில் 1.34 மடங்குதான். வியப்புக்கு ஏதும் இல்லை.

நிகழ்தகவு 0 என்றால் நடக்கவே நடக்காது என்று பொருளா?

எண்ணி முடிக்கக்கூடிய விளைவுகள் என்றால் ஆம், அப்படியே வைத்துக்கொள்ளலாம். உயரம், நேரம் போன்ற தொடர் மாறிகளில் அப்படி இல்லை. ஒருவரின் உயரம் பத்தாயிரம் தசம இடங்கள் வரை துல்லியமாக 170 செ.மீ. ஆக இருக்க நிகழ்தகவு நடைமுறையில் 0. தசம இடங்கள் முடிவின்றிப் போனால் அசல் 0. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் உயரம் இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் அங்கே புள்ளிகளைக் கேட்பதில்லை, 169.5க்கும் 170.5க்கும் இடையில் என்று இடைவெளிகளைக் கேட்கிறோம். மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வளைகோட்டின் கீழ், அந்த இடைவெளியில் உள்ள பரப்புதான் நிகழ்தகவு. வளைகோட்டின் உயரம் அல்ல. அந்த உயரம் 1ஐத் தாண்டினாலும் பதறாதீர்கள், பரப்பு 1ஐத் தாண்டாது.

இதெல்லாம் சரி. புள்ளியியலுக்கும் நாணயம் சுண்டுவதற்கும் என்ன தொடர்பு?

நிகழ்தகவில் நாணயம் எப்படிப்பட்டது என்று தெரியும். என்ன விழும் என்று தெரியாது. புள்ளியியலில் என்ன விழுந்தது என்று தெரியும்; நாணயம் எப்படிப்பட்டது என்று தெரியாது. ஒரே சாலை, எதிர்த் திசை.

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி 60 தலை வந்தது. சந்தேகப்படலாமா? நாணயம் யோக்கியமானது என்றே வைத்துக்கொண்டால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு 0.028. நூற்றில் மூன்றுக்கும் குறைவு, ஆகவே சந்தேகம் நியாயம்தான். ஆனால் இங்கே பெரும்பாலோர் ஒரு படி தாண்டிவிடுகிறார்கள்: "அப்படியானால் நாணயம் யோக்கியமாக இருக்க வாய்ப்பு 2.8%தான்." பசுவும் நான்கு காலும் திரும்ப வந்துவிட்டன. 0.028இன் பகுதியில் இருப்பவை யோக்கியமான நாணயங்கள் மட்டுமே. நாம் அறிய விரும்புவதற்கோ, 60 தலைக்குக் குறையாமல் தந்த எல்லா நாணயங்களும் பகுதியில் இருக்க வேண்டும்.

அதைக் கணக்கிட, இந்த நாணயம் எந்தப் பையிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். பையில் 1000 நாணயங்கள். 990 யோக்கியமானவை, 10 மட்டும் தலைக்கு 0.6 வாய்ப்புள்ள கோணல் நாணயங்கள் என்று வைத்துக்கொள்வோம். கோணல் நாணயம் 60க்குக் குறையாமல் தலை தரும் வாய்ப்பு 0.54. எல்லாவற்றையும் நூறு நூறு முறை சுண்டினால், யோக்கியமானவற்றில் சுமார் 28 நாணயங்கள் இந்தக் கோட்டைத் தாண்டும். கோணலானவற்றில் ஐந்தாறு தாண்டும். ஆக, உங்கள் கையில் உள்ளது கோணல் நாணயமாக இருக்க வாய்ப்பு ஆறில் ஒன்று. பையில் பாதிக்குப் பாதி கோணல் என்றால் அதே 60 தலைக்கு அந்த வாய்ப்பு 95 சதவீதம்.